ஆஸ்பத்திரியில் போகும் பேர்

தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று பெயர். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். ஹாலிஎல லயம் ஒன்றில் தாய்க்குப் புற்றுநோய் முற்றி, பதுளைப் பெரியாஸ்பத்திரியில் மகள் துணைக்கு நின்றால் அந்த நாள்களுக்குப் பேரே கிடையாது. கட்டிலும் வைத்தியமும் இலவசம். துணைக்கு நிற்பவளின் பேருக்குத்தான் யாரும் பொறுப்பில்லை.

அந்தப் பேரோடு போகும் சேமிப்பின் கதை நாட்டின் கடனோடு பிணைந்தது. கடன் என்றதும் கொழும்பில் ஒரு பேச்சு தவறாமல் வரும்: பெரியவர்கள் வாங்கித் தின்றார்கள், பிள்ளைகள் கட்டப்போகிறார்கள். ஊவாத் தோட்டங்களில் இந்தக் கணக்கு ஒட்டாது. இன்று எழுபதைத் தாண்டிய பலர், 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகவே பிறந்தவர்கள். 2003 சட்டம் வரும்வரை வாக்கில்லாமல் காத்திருந்தவர்களும் உண்டு. கடன் வாங்கிக் கட்டிய அதிவேக நெடுஞ்சாலைகளில் ஒன்றும் பதுளை மாவட்டத்தைத் தொடவில்லை. ஆனால் கடன் முறிந்தபோது கை வைத்தது தோட்டத் தொழிலாளரின் சேமிப்புப் பெட்டகத்திலும்தான்.

2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை அரசு நிறுத்தியது. செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. அந்த ஆண்டுக்கு, தொழிலாளரின் ஓய்வுக்காலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதி கொடுத்த வட்டி 9 சதவீதம். முப்பது வருஷம் கூடை சுமந்து சேர்த்த பணத்தின் பெறுமதி ஒரே வருஷத்தில் கரைந்தது. அடுத்த ஜூலை 1இல் பாராளுமன்றம் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பை நிறைவேற்றியது. சேமலாப நிதியின் திறைசேரி முறிகள் 2027 முதல் 2038 வரை முதிரும் புதிய முறிகளாக மாறின: வட்டி முதலில் 12 சதவீதம், பிறகு 9. மாற மறுத்தால் முறி வருமானத்துக்கான 14 சதவீத வரி 30 ஆகும் என்ற நிபந்தனை வேறு.

அரசு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. 2023க்கு 13 சதவீதம் கொடுத்தார்கள். விலைவாசி அடங்கிய பின் 9 சதவீதம் மோசமில்லை. ஆனால் 2022இல் இழந்ததை மீட்க உயர்ந்த வட்டி ஒன்றுதான் வழி, அதைத்தான் மூடினார்கள். ஏறத்தாழ 30 சதவீதத்துக்குத் திறைசேரி உண்டியல் வாங்கிய தனியாரைத் தொடவில்லை. வங்கிகளிடமிருந்த திறைசேரி முறிகளையும் விட்டார்கள். வங்கி ஆடினால் நாடு ஆடும் என்ற பயம் சரியானதே. சேமலாபக்காரர் கவுண்டரில் முண்டியடிக்க மாட்டார் என்பதும் கணக்கில் இருந்திருக்கும் என்பது என் சந்தேகம்.

ஆகவே கோடு தலைமுறைக்கும் தலைமுறைக்கும் நடுவில் விழவில்லை. சேமிப்பைத் தொடக்கூடியவர், தொடமுடியாதவர் என்று விழுந்தது.

இனி அந்தத் தாயின் கட்டிலுக்கு வருவோம். கடைசிக்காலப் பராமரிப்புக்குப் பெரிய செலவில்லை. வலிக்கு மோர்பின், புண் வராமல் திருப்பிப் படுக்கவைக்க ஒரு கை, வாரம் ஒருமுறை லயத்துக்கு ஏறிவரும் தாதி. இவற்றில் அந்த ஒரு கைதான் விலை கூடியது. 2024இல் ஒரு பேருக்கான அடிப்படைச் சம்பளத்தை 1,350 ரூபாயாக நிர்ணயித்தார்கள். அந்தக் கணக்கில் முப்பது பேர் போனால் 40,500. அதோடு தொழிலாளியின் 8 சதவீதமும் கம்பனியின் 12 சதவீதமும் சேர்ந்து 8,100 ரூபாய் சேமலாபத்துக்குப் போகாமல் நிற்கும். அது மகளின் கடைசிக்காலத்துக்கான பணம். சம்பளத்தை ஈடுசெய்ய முடியாவிட்டாலும், வைத்தியரின் கடிதத்தைப் பார்த்து அந்த 8,100ஐ அவள் கணக்கில் திறைசேரி போடலாம்.