கூகுள் விளம்பரத்துக்குக் காசு போடும் முன்னாடி கணக்கு போடுங்க

நம்ம பக்கத்து ஊர்கள்ல இப்ப வீட்டுக்கு வீடு ஆன்லைன் கடை. செக்கு எண்ணெய், கருப்பு கவுனி, நாட்டுச் சர்க்கரை, முருங்கைப் பொடின்னு பயலுக விக்காத சாமான் இல்ல. சந்தோஷம்தான். கடை போட்ட எல்லாரும் அடுத்து கேக்கிற கேள்வி ஒண்ணே ஒண்ணு: "பெரியப்பா, கூகுள்ல காசு கட்டி விளம்பரம் குடுத்தா விக்குமா?"

விக்கும். ஆனா எல்லாருக்கும் தெரியணும்னு குடுத்தா விக்காது. வாங்கணும்னு தேடுறவனுக்கு மட்டும் தெரிஞ்சா போதும்னு குடுத்தாத்தான் விக்கும். இது என்னோட கருத்து. காரணம் சொல்றேன்.

தல்லாகுளத்துல அழகருக்கு எதிர்சேவை செய்றோம்ல, அதை நெனைச்சுப் பாருங்க. சாமி அழகர்கோயில் ரோட்டுல மூன்றுமாவடி, புதூர் வழியாத்தான் வரும். அந்த ரோட்டுல நின்னாத்தான் சேவிக்க முடியும். கூட்டம் இருக்குன்னு மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுல சொம்போட நின்னா என்ன பிரயோசனம்? நோட்டீஸ் அடிச்சு ஊரெல்லாம் குடுக்கிறது ஒரு வகை விளம்பரம். தேடல் விளம்பரம் வேற வகை. ஒருத்தர் தனக்கு வேண்டியதைத் தானே டைப் அடிச்சுக் கேக்கிறார். அவர் வர்ற வழியில நாம நிக்கிறோம், அவ்வளவுதான். அதனால எந்தச் சொல்லுல நிக்கிறோம்ங்கிறதுதான் முக்கியம்.

அந்தச் சொல்லு ஏலத்துக்கு விடப்படுது. கூகுள் 2000ஆம் வருஷம் அக்டோபர்ல தொடங்குன விளம்பர ஏற்பாட்டுல இப்ப இருக்கிற முறை இது. ஒவ்வொரு தடவை ஒருத்தர் தேடும்போதும் கண்ணிமைக்கிற நேரத்துல ஏலம் நடந்து முடிஞ்சிரும். நம்ம பூ மார்க்கெட் மாதிரி கூடுதலா கேட்டவனுக்கே சரக்குன்னு கிடையாது. கேட்ட விலையோட, நம்ம விளம்பரம் அந்தத் தேடலுக்குப் பொருந்துதா, ஆளுங்க அமுக்குவாங்களா, அமுக்கி உள்ள போனா கடைப் பக்கம் ஒழுங்கா இருக்கான்னும் பாப்பாங்க. பொருத்தமா எழுதுன சின்னக் கடைக்காரன், பெரிய கடைக்காரனை விடக் கம்மி காசுல மேல நிக்க முடியும். நமக்கு இருக்கிற ஒரே பிடிமானம் இதுதான்.

எங்க ஊர்ப் பையன் ஒருத்தன் ஒரு விளம்பர ஏஜென்சியை நம்பி, அவங்க அம்மா செயினை அடகு வச்சு மூணு மாசம் கட்டினான். மாசா மாசம் கலர் கலரா ரிப்போர்ட் வந்துச்சு. இத்தனை ஆயிரம் பேர் பாத்தாங்க, இத்தனை பேர் அமுக்குனாங்கன்னு. கடைசியில தல்லாகுளம் தபாலாபீசுக்கு அவன் கொண்டுபோன பார்சல் பதினொண்ணு. நான் அவன்கிட்ட கேட்டேன், "என்ன தேடுனவங்கப்பா உன் விளம்பரத்தை அமுக்குனாங்க?" அவனுக்குத் தெரியல. அந்தப் பட்டியல் கணக்குக்குள்ளயே இருக்கு, எடுத்துப் பாத்தோம். 'கருப்பு கவுனி கஞ்சி செய்வது எப்படி', 'கருப்பு கவுனி விதை நெல்', 'ஏக்கருக்கு எவ்வளவு மகசூல்'. இதுக்கெல்லாம் அவன் காசு கட்டியிருக்கான். கஞ்சி காய்ச்சத் தெரியணும்னு கேட்டவங்க வீட்டுல அரிசி ஏற்கெனவே இருக்கு. விதை கேட்டவன் நம்மளை மாதிரி விவசாயி.

இது எப்படி நடக்குதுன்னா, நாம ஒரு சொல்லைக் குடுத்தா, அதை ஒட்டின தேடல் எல்லாத்துக்கும் காட்டுறதுதான் அங்க வழக்கமா இருக்கிற ஏற்பாடு. நாமதான் சுருக்கிச் சொல்லணும். சொல்லை இரட்டை மேற்கோளுக்குள்ள போட்டா அந்தப் பொருள் வர்ற தேடலுக்குக் காட்டும். சதுர அடைப்புக்குள்ள போட்டா இன்னும் இறுக்கமா இருக்கும். அதோட, வேண்டாத சொல் பட்டியல்னு ஒண்ணு உண்டு. விதை, செய்முறை, மகசூல், இலவசம், வேலைவாய்ப்புன்னு அதுல போட்டு வச்சா அந்தத் தேடலுக்கு நம்ம விளம்பரம் போகாது. வயலுக்கு வரப்பு மாதிரி. வரப்பு இல்லாம தண்ணி பாச்சினா பக்கத்துக் காட்டுக்குத்தான் பாயும்.

இன்னும் ரெண்டு மடை தானா திறந்து கிடக்கும். ஒண்ணு, தேடல் பக்கத்தோட நிக்காம மத்த வெப்சைட்லயும் விளம்பரத்தைக் காட்டுற குறி. புதுசா ஆரம்பிக்கிறவங்க அதை எடுத்துருங்க. ரெண்டு, இடம். மதுரைன்னு போட்டா மதுரையில இருக்கிறவங்களுக்கு மட்டும்தான் காட்டும்னு நெனைப்போம். மதுரை மேல ஆர்வம் உள்ளவங்க எங்க இருந்தாலும் காட்டுற மாதிரிதான் அது இருக்கும். அரிசிக்குப் பரவாயில்ல. பூ விக்கிறவங்களுக்கு? மதுரை மல்லிக்கு 2013ல புவிசார் குறியீடு கிடைச்சதால பேரு நாடெல்லாம் தெரியும். அதுக்காக டெல்லியில தேடுறவருக்கு விளம்பரம் காட்டினா, அங்க போறதுக்குள்ள மொட்டு விரிஞ்சு வாடிப்போகும்.

இப்ப கணக்குக்கு வருவோம். எண்ணெல்லாம் உதாரணத்துக்குத்தான். அஞ்சு கிலோ அரிசிப் பையில அரவை, பை, தபால் செலவு எல்லாம் போக உங்களுக்கு 200 ரூபாய் நிக்குதுன்னு வைங்க. 40 பேர் அமுக்குனா ஒருத்தர் வாங்குறார். ஒரு அமுக்குக்கு 6 ரூபாய். 240 ரூபாய் ஆச்சு. அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 283 ரூபாய். பைக்கு 83 ரூபாய் நட்டம். விக்க விக்க நட்டம்! அதே விளம்பரத்துல வேண்டாத சொல்லையெல்லாம் கழிச்சு, 20 பேருக்கு ஒருத்தர் வாங்குற மாதிரி ஆச்சுன்னா செலவு 142 ரூபாய். 58 ரூபாய் மிச்சம். அரிசியும் அதேதான், விலையும் அதேதான். இந்தக் கணக்கை ஏஜென்சிக்காரன் போட்டுக் குடுக்க மாட்டான், நீங்கதான் போடணும். போன்ல ஆர்டர் சொல்றவங்ககிட்ட "எங்க பாத்தீங்க?"ன்னு ஒரு வார்த்தை கேட்டு நோட்டுல எழுதுங்க. ஒரு நாளைக்கு இவ்வளவுன்னு நாம வைக்கிற தொகையை ஏதாவது ஒரு நாள்ல ரெண்டு மடங்கு வரைக்கும் அவங்க செலவழிக்கலாம், மாசக் கணக்குலதான் சரிக்கட்டுவாங்க. அதையும் தெரிஞ்சு வச்சுக்கங்க.

எழுதுற வாசகம்? தலைப்பு ஒண்ணுக்கு 30 எழுத்துதான் இடம். அதுல 'சிறந்த தரம்', 'நம்பர் ஒன்'னு எழுதி வீணாக்காதீங்க. எடை, விலை, தபால் செலவு சேர்த்தா இல்லையா, எந்த ஊர்ல விளைஞ்சது, இதைச் சொல்லுங்க. விலையைப் பாத்து வேண்டாம்னு நெனைக்கிறவர் அமுக்காமலே போயிருவார். அந்த 6 ரூபாய் மிச்சம். 2018லேருந்து தமிழ்லயும் விளம்பரம் குடுக்கலாம். ஆனா நம்ம ஆளுங்க தமிழ்ப் பேரை இங்கிலீஷ் எழுத்துல நாலு விதமா அடிப்பாங்க. நாலையும் சேருங்க. இங்கதான் பத்தாவது படிச்ச நம்ம அறிவு வேலை செய்யும். நல்லெண்ணெய்னு கேக்கிறவர் யாரு, எள்ளெண்ணெய்னு கேக்கிறவர் யாருன்னு ஏஜென்சிக்குத் தெரியாது, நமக்குத் தெரியும்.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா செய்யாதீங்க. 'சர்க்கரை நோய் குணமாகும்'னு எழுதாதீங்க. 1954லயே இதுக்குச் சட்டம் இருக்கு. சட்டம் கிடக்கட்டும், அரிசியை மருந்துன்னு நம்பி ஒருத்தர் மாத்திரையை நிறுத்துனா அந்தப் பாவம் யாருக்கு?

அடுத்தவர் கடைப் பேரை நம்ம சொல்லா வச்சுக்கலாமான்னும் கேக்கிறாங்க. இந்தச் சண்டை சென்னை உயர் நீதிமன்றத்துக்கே போயிருக்கு. பாரத் மேட்ரிமோனி நடத்துன கன்சிம் இன்ஃபோ கம்பெனி, தன் பேருல போட்டியாளர் விளம்பரம் வருதுன்னு கூகுள் மேல வழக்குப் போட்டுச்சு. 2010ல நீதிபதி வி. ராமசுப்பிரமணியன் இடைக்காலத் தடை குடுக்க மறுத்துட்டார். பொதுவான சொற்களைச் சேத்து வச்ச பேருக்கு ஒருத்தரே முழு உரிமை கொண்டாட முடியாதுங்கிறது அதுல முக்கியமான விஷயம். 2023ல டெல்லி உயர் நீதிமன்றம், பேரைச் சொல்லா வாங்குறது மட்டுமே தப்பாகாது, ஆனா மக்கள் குழம்புற மாதிரி இருந்தா தப்பு, அப்ப கூகுளும் ஒதுங்கிக்க முடியாதுன்னு சொல்லுச்சு. என் கருத்து: அடுத்தவன் பேருல போய் நிக்கிறது நமக்கு அழகில்ல. லாபமும் இல்ல. அவன் அரிசியைத் தேடி வந்தவன் நம்ம அரிசியை ஏன் வாங்குவான்?

கடைசியா ஒரு ஆதங்கம். 1999 நவம்பர் 14ல நம்ம அண்ணா நகர்லதான் முதல் உழவர் சந்தை தொறந்தாங்க. இடைத்தரகர் கிடையாது, கடைக்கு வாடகை கிடையாது. இப்ப இணையத்துல மறுபடி ஒரு மண்டிக்காரர் வந்து உக்காந்துட்டார். மேல நிக்கணும்னா காசு. ஒரே ஊர்ல அஞ்சு பேர் ஒரே சொல்லுக்கு எதிரெதிரா ஏலம் கேட்டா விலை ஏறி மண்டிக்காரருக்குத்தான் லாபம். அஞ்சு பேரும் சேந்து ஒரே கடை, ஒரே விளம்பரம் போடலாமே? ஒருத்தர்கிட்ட அரிசி, ஒருத்தர்கிட்ட எண்ணெய், ஒருத்தர்கிட்ட சர்க்கரை. ஒரு அமுக்குக் காசுல மூணு சாமான் விக்கும். தபால் செலவும் குறையும்.

அப்புறம், விளம்பரம் ஆளைக் கூட்டிட்டு வர்றது முதல் தடவைதான். ரெண்டாந்தடவை வர வைக்கிறது உள்ள இருக்கிற அரிசி. கல்லு பொறுக்கி, புழு இல்லாம, எடை குறையாம அனுப்புங்க. அந்த ரெண்டாவது பைக்கு கூகுளுக்கு ஒரு பைசா குடுக்க வேண்டியதில்ல.