வந்த ஊரே சொந்த ஊர்!

பிறந்த ஊரை விட்டுவிட்டு, முன்பின் தெரியாத ஊரில் போய்க் குடியேறுவது என்றால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும். அங்கே பேச்சு வேறு. சாப்பாடு வேறு. தண்ணீரே வேறு. காய்ச்சல் என்று படுத்தால் ஒரு வாய்க் கஞ்சி கொடுக்க ஆள் இருக்காது.

அப்படிப் போகிறவர்கள் இன்று ஏராளம். காஞ்சீபுரத்துப் பையன் புனாவுக்கு வேலைக்குப் போகிறான். பீகார் பையன் ஸ்ரீபெரும்புதூருக்கு வேலைக்கு வருகிறான். ஒரு ரெயில் வடக்கே போகிறது. ஒரு ரெயில் தெற்கே வருகிறது. இரண்டிலும் இருப்பது ஒரே கவலைதான்.

"போகிற இடத்தில் பிழைக்க முடியுமா?"

முடியும். அதற்கு அத்தாட்சி தேடி வெகு தூரம் போக வேண்டாம். காஞ்சீபுரத்தைப் பார்த்தாலே போதும்.

யார் நெய்த சேலை?

காஞ்சீபுரம் பட்டு என்றால் உலகத்துக்கே தெரியும். ஆனால் அந்தப் பட்டு காஞ்சீபுரத்தில் விளைகிறதா? இல்லை.

பட்டு நூலில் பெரும் பகுதி கர்நாடகத்தில் இருந்து வருகிறது. ஜரிகை குஜராத்தில் உள்ள சூரத்தில் இருந்து வருகிறது. பட்டுப்புழு வளர்க்கும் வித்தையோ ஆதியில் சீன தேசத்தில் இருந்து வந்தது. எல்லாம் வெளியூர்ச் சரக்கு. காஞ்சீபுரத்துத் தறியில் ஏறி இறங்கிய பிறகு, அது "காஞ்சீபுரம் பட்டு" ஆகிவிடுகிறது!

சரக்கு மட்டும் அல்ல, நெய்கிறவர்களிலும் பலர் வெளியில் இருந்து வந்தவர்களே.

தமிழ் பேசும் நெசவாளர்கள் காஞ்சியில் பழங்காலம் தொட்டே இருக்கிறார்கள். 10-ஆம் நூற்றாண்டில் உத்தம சோழன் என்ற ராஜா வெளியிட்ட செப்பேடு ஒன்று உண்டு. காஞ்சியில் உள்ள ஒரு பெருமாள் கோவிலின் காரியங்களைக் கவனிக்கும் பொறுப்பு, நெசவாளர்கள் குடியிருந்த நான்கு சேரிகளிடம் கொடுக்கப்பட்டதாக அது சொல்கிறது. கோவில் கணக்கையே நம்பி ஒப்படைக்கும் அளவுக்கு நெசவாளிக்கு மதிப்பு இருந்தது.

பிறகு விஜயநகர ராஜாக்கள் காலம் வந்தது. தெலுங்கும் கன்னடமும் பேசும் தேவாங்கர், சாலியர் முதலிய நெசவாளர்கள் தமிழ்நாட்டின் பல ஊர்களில் வந்து குடியேறினார்கள். காஞ்சீபுரத்துக்கும் வந்தார்கள். 400, 500 ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்றும் பல வீடுகளில் தாய் பிள்ளையோடு தெலுங்கில் பேசுவாள். வாசலில் வந்து நிற்கும் கீரைக்காரியோடு தமிழில் பேசுவாள். அவர்களைப் பார்த்து, "நீ எந்த ஊர்?" என்று இன்று யாராவது கேட்பார்களா? கேட்டால், "காஞ்சீபுரம்" என்றுதான் பதில் வரும்.

1,600 ஆண்டுக்கு முன்னால்

நெசவாளர்கள் ஊர் விட்டு ஊர் போவது புதிது அல்ல. அதற்குக் கல்வெட்டு ஆதாரமே இருக்கிறது.

மத்தியப் பிரதேசத்தில் மந்தசோர் என்று ஓர் ஊர். அங்கே கிடைத்த கல்வெட்டில் ஒரு கதை இருக்கிறது. குப்த ராஜாக்கள் காலத்தில், இன்றைய தென் குஜராத்தில் பட்டு நெய்து கொண்டிருந்த ஒரு கூட்டத்தார் ஊரை விட்டுப் புறப்பட்டார்கள். மனைவி மக்களோடும் உற்றார் உறவினரோடும் மந்தசோருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வழிப் பயணம் எவ்வளவோ கஷ்டமாக இருந்தது. அதைப் பொருட்படுத்தவில்லை.

போன இடத்தில் என்ன ஆனார்கள்?

சிலர் தறியிலேயே இருந்தார்கள். சிலர் வில்வித்தை கற்றுப் போர் வீரர் ஆனார்கள். சிலர் சோதிடம் படித்தார்கள். சிலர் கதை சொல்வதில் பேர் வாங்கினார்கள். ஆனால் எல்லோரும் ஒரே சங்கமாக இருந்தார்கள். நெசவில் சம்பாதித்த பணத்தைப் போட்டு, கி.பி. 437-ல் சூரிய பகவானுக்கு ஒரு கோவில் கட்டினார்கள். கோவில் பழுதுபட்டது. 473-ல் அவர்களே செப்பனிட்டார்கள்.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. அவர்கள் போன ஊரில் சம்பாதித்தார்கள். சம்பாதித்ததில் ஒரு பகுதியை அந்த ஊருக்கே செலவிட்டார்கள். அதனால்தான் அது அவர்கள் ஊர் ஆயிற்று.

இன்னொரு பாடமும் உண்டு. பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போனதை அவர்கள் குற்றமாக நினைக்கவில்லை. கல்லில் வெட்டிப் பெருமைப்பட்டுக் கொண்டார்கள்! இன்று காஞ்சீபுரத்தில், "பையன் தறியில் உட்கார மாட்டேன் என்கிறான்" என்று வருந்தும் தகப்பன்மார் இதைக் கவனிக்க வேண்டும். காஞ்சீபுரத்து நெசவாளர் குடும்பத்தில் 1909-ல் பிறந்த அண்ணா, சென்னைக்குப் போய்ப் படித்தார். 1967-ல் முதல்-மந்திரி ஆனார். அதனால் தறிக்கு என்ன குறை வந்தது? பெருமைதான் வந்தது.

மொழி தடையா?

"பாஷை தெரியாத ஊரில் எப்படிக் காலம் தள்ளுவது?" என்று பலர் பயப்படுகிறார்கள்.

மதுரையில் சவுராஷ்டிர மக்கள் இருக்கிறார்கள். குஜராத் பக்கம் இருந்து, பல தலைமுறைகளாகப் பல ஊர்களைக் கடந்து வந்த பட்டு நெசவாளர்கள் அவர்கள். இன்றும் வீட்டில் அவர்களுக்குத் தனி மொழி உண்டு. அந்தக் குடும்பங்களில் ஒன்றில் பிறந்தவர்தான் பாடகர் டி.எம்.சவுந்தரராஜன். தமிழை இப்படித்தான் உச்சரிக்க வேண்டும் என்று தமிழனுக்கே காட்டியது அந்தக் குரல்! அவர் வீட்டு மொழியோ சவுராஷ்டிரம்.

ஆகவே, மொழி ஒரு தடை அல்ல. வீட்டில் தாய்மொழி இருக்கட்டும். தெருவில் ஊர்மொழி இருக்கட்டும். இரண்டும் ஒன்றோடு ஒன்று சண்டை போடுவது இல்லை. மனிதர்கள்தான் போடுகிறார்கள்.

நம் ஆட்கள் பட்ட பாடு

இன்று காஞ்சீபுரம் மாவட்டத்தில் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை பக்கம் போய்ப் பாருங்கள். தொழிற்சாலைகளிலும், கட்டிட வேலையிலும், ஓட்டல்களிலும் வடமாநிலப் பையன்களைப் பார்க்கலாம். பீகார், ஒடிசா, அசாம், மேற்கு வங்காளம் என்று பல ஊர்க்காரர்கள்.

அவர்களைப் பார்த்துச் சிலர் முகம் சுளிக்கிறார்கள். "வடக்கன்" என்று ஏளனம் செய்கிறார்கள். வீடு வாடகைக்குக் கொடுக்க மறுக்கிறார்கள்.

ஒரு நிமிஷம் பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டும். திருநெல்வேலிப் பக்கம் இருந்து நம் ஆட்கள் பம்பாய்க்குப் பிழைக்கப் போனார்கள். தாராவியில் தோல் பதனிடும் வேலை செய்தார்கள். நாற்றத்தைச் சகித்துக் கொண்டு உழைத்தார்கள். பலர் ஆபீஸ்களில் குமாஸ்தா ஆனார்கள். 1966-ல் அங்கே சிவசேனை தொடங்கிற்று. "தென்னாட்டான் நம் வேலையைப் பறிக்கிறான்" என்று கூச்சல் போட்டார்கள். வேட்டியையும் லுங்கியையும் சொல்லிக் கேலி செய்தார்கள். கடைகளைத் தாக்கினார்கள்.

அப்போது நமக்கு எப்படி வலித்தது? "உழைத்துத்தானே சாப்பிடுகிறோம்?" என்று கேட்டோம். அன்று நாம் கேட்ட கேள்வியைத்தான் இன்று பீகார் பையன் கேட்கிறான். பம்பாயில் ஒரு நியாயம், ஸ்ரீபெரும்புதூரில் ஒரு நியாயம் என்று இருக்க முடியாது.

2023 மார்ச் மாதத்தில், தமிழ்நாட்டில் பீகார்க்காரர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்களைப் பரப்பினார்கள். அவை பொய் என்று தமிழ்நாடு போலீஸ் அறிவித்தது. ஆனாலும் எத்தனையோ பையன்கள் பயந்துபோனார்கள். எத்தனையோ தாய்மார்கள் பீகாரில் தூங்காமல் கிடந்திருப்பார்கள். வெளியூர்க்காரனுக்குப் பயம் காட்டுவது எவ்வளவு சுலபம்! அவனுக்குத் தைரியம் சொல்ல ஓர் அண்டை வீட்டுக்காரன் இருந்தால், பொய் எடுபடாது.

கூலி விஷயம்

"அவர்கள் குறைந்த கூலிக்கு வருகிறார்கள். அதனால் நம் பிள்ளைகளுக்கு வேலை இல்லாமல் போகிறது" என்று சொல்கிறார்கள். இந்தப் புகாரை அலட்சியம் செய்யக் கூடாது. வயிற்றுப்பாடு சம்பந்தப்பட்ட விஷயம்.

ஆனால் கோபம் யார்மீது வர வேண்டும்? கூலியைக் குறைத்து வாங்க வேண்டும் என்று யாரும் 2 ஆயிரம் கிலோ மீட்டர் பயணம் செய்து வருவது இல்லை. குறைத்துக் கொடுக்கிறவர் இருப்பதால்தான் குறைகிறது. ஆகவே, வந்தவனை விரட்டுவது பரிகாரம் அல்ல. ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று கேட்பதுதான் பரிகாரம். வந்தவனுக்கு நியாயமான கூலி கிடைத்தால், நம் பையனின் கூலியும் இறங்காது. அவனுக்காகப் பேசுவது நமக்காகப் பேசுவதே.

போகிறவர்களுக்கு

ஊரை விட்டுப் போகிற குடும்பங்களுக்குச் சில வார்த்தைகள்.

முதலில், கையில் ஒரு தொழிலோடு போங்கள். காஞ்சிக்கு வந்தவர்கள் வெறும் கையோடு வரவில்லை. தறி வித்தையோடு வந்தார்கள். தொழில் தெரிந்தவனை எந்த ஊரும் நெடுநாள் வெளியே நிறுத்தி வைக்காது.

இரண்டாவது, ஒருவர் முன்னால் போய் வேலையையும் வீட்டையும் பார்த்துவிட்டு, பிறகு குடும்பத்தைக் கூட்டிப் போங்கள்.

மூன்றாவது, ஊர்மொழியில் முதல் மாதமே நூறு வார்த்தை கற்றுக் கொள்ளுங்கள். பால், அரிசி, பஸ், மருந்து, எவ்வளவு, எங்கே, நன்றி. இவ்வளவு போதும். பிழையாகப் பேசினால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சிரிக்கிறவர்தான் திருத்துவார்.

நான்காவது, ரேஷன் கார்டை மறக்காமல் எடுத்துப் போங்கள். மத்திய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உள்ள கார்டு என்றால், வேறு மாநிலத்திலும் கைரேகை வைத்து அரிசி, கோதுமை வாங்கலாம். தமிழ்நாட்டில் இது 2020 அக்டோபரில் இருந்து நடக்கிறது. ஒரு பகுதியைப் போன ஊரில் வாங்கலாம். மீதியைச் சொந்த ஊரில் இருப்பவர்கள் வாங்கலாம்.

ஐந்தாவது, பிள்ளையை உடனே பள்ளிக்கூடத்தில் சேருங்கள். 6 வயது முதல் 14 வயது வரை கல்வி பிள்ளையின் உரிமை. 2009-ல் வந்த சட்டம் அது. பழைய பள்ளியின் சர்ட்டிபிகேட் வரத் தாமதம் ஆகிறது என்று சொல்லிச் சேர்க்க மறுக்கக் கூடாது. பள்ளிக்குப் போன பிள்ளை ஆறு மாதத்தில் ஊர்மொழியைக் கற்றுவிடும். பிறகு வீட்டில் எல்லோருக்கும் அதுவே வாத்தியார்!

வீட்டில் இருக்கும் பெண்

இதில் அதிகக் கஷ்டம் பெண்களுக்குத்தான். புருஷனுக்கு வேலை இடத்தில் நாலு பேர் பழக்கம் ஆகிவிடுவார்கள். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது. அவளுக்கு நாலு சுவர்தான். பேச ஆள் இல்லாமல் வாரக்கணக்கில் இருப்பாள்.

தாய்மார்களே! உங்கள் தெருவில் அப்படி ஒருத்தி வந்திருந்தால், நீங்களே போய்ப் பேசுங்கள். காய்கறிக் கடை எங்கே, நல்ல டாக்டர் யார், எந்த நேரம் தண்ணீர் வரும் என்று சொல்லிக் கொடுங்கள். ஒரு கிண்ணம் குழம்பு கொண்டுபோய்க் கொடுங்கள். குழம்புக்கு மொழிபெயர்ப்பு தேவை இல்லை. நாளை உங்கள் பெண்ணைப் புனாவிலோ டெல்லியிலோ கட்டிக் கொடுப்பீர்கள். அங்கே அவளுக்கு ஒருத்தி கிண்ணம் நீட்ட வேண்டாமா?

கோர்வை

காஞ்சீபுரம் சேலைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது கோர்வை வேலை. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டுக்கும் நூல் வேறு, நாடா வேறு. தறியில் மூன்று நாடா ஓடும். நெசவாளிக்குத் துணையாகப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். ஒவ்வொரு இழையிலும் உடல் நூலையும் கரை நூலையும் ஒன்றோடு ஒன்று கோத்துக் கொண்டே போவார்கள்.

கரை தன் நிறத்தை விடுவது இல்லை. உடலும் தன் நிறத்தை விடுவது இல்லை. ஆனால் சேலை ஒன்று!

வெளியூரில் இருந்து வந்தவர்களும் உள்ளூர்க்காரர்களும் அப்படித்தான் வாழ வேண்டும். வந்தவர் தம் மொழியையும் சாமியையும் சாப்பாட்டையும் விட வேண்டியது இல்லை. உள்ளூர்க்காரர் தம் உரிமையை விட வேண்டியதும் இல்லை. நாள்தோறும் ஓர் இழையாவது கோக்க வேண்டும். அது ஒரே நாளில் முடியாது. கோர்வைச் சேலையும் ஒரே நாளில் முடிவது இல்லை.

"வந்தாரை வாழவைக்கும் ஊர்" என்று நாம் பெருமையாகச் சொல்லிக் கொள்கிறோம். காஞ்சீபுரத்தைப் பொறுத்தவரையில், வந்தாரால் வாழ்ந்த ஊர் என்றும் சொல்ல வேண்டும். அந்த நன்றி இருக்குமானால், இன்று வந்து நிற்கும் பையனைப் பார்த்து, "எப்போது போவாய்?" என்று கேட்க மாட்டோம்.

"சாப்பிட்டாயா?" என்று கேட்போம்.