கியூபா: தடை நீங்கட்டும்

2025 ஜூனில் வெளிமாநிலத் தோத்தாபுரி மாங்காய் சித்தூர் மாவட்டத்துக்குள் வரத் தடை விதிக்கப்பட்டதை இவ்வட்டார மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். கர்நாடக விவசாயிகள் தவித்தனர். முதல்வருக்கு முதல்வர் கடிதம் எழுத நேர்ந்தது. ஒரு பருவத் தடைக்கே இந்தப் பாடு. கியூபா மீது 1962-ல் அமெரிக்கா விதித்த வர்த்தகத் தடையோ அறுபது ஆண்டுகளைத் தாண்டிவிட்டது.

கம்யூனிஸ்டு ஆட்சியைப் பணிய வைப்பதே அதன் நோக்கம். ஆட்சி பணியவில்லை. காஸ்ட்ரோ 2008-ல் பதவி துறந்தது உடல்நலக் குறைவால்தான், தடையால் அல்ல. அவதிப்படுவது உணவுக்கும் மருந்துக்கும் அல்லாடும் சாமானிய மக்களே.

தட்டுப்பாட்டுக்கு ஹவானா அரசின் நிர்வாகக் கோளாறுகளும் காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் பழி முழுவதையும் தடையின் மீது போட்டுத் தப்பிக்க அந்த அரசுக்கு வழி செய்து கொடுத்திருப்பதும் அமெரிக்காதான்.

1992-ல் இந்தியாவில் திரட்டப்பட்ட 10,000 டன் கோதுமை கியூபாவுக்குக் கப்பலேறியது. அவ்வாண்டு முதல் ஐ.நா. பொதுச்சபை தடைக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றி வருகிறது. 2024-ல் ஆதரவு 187 நாடுகள். எதிர்ப்பு அமெரிக்காவும் இஸ்ரேலும் மட்டுமே.

1996 சட்டத்தால் தடையை இறுக்கிய அமெரிக்கக் காங்கிரசே அதை அவிழ்க்க வேண்டும். பட்டினி போட்டு யாரையும் மனம் மாற்ற முடியாது.