மணி ஒண்ணரை... எந்த ஒண்ணரை?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு டேபிள் டிசைன் பண்ற மக்களே, ஒரு நிமிஷம்! நியூயார்க்கில் 2024 நவம்பர் 3-ம் தேதி அதிகாலை 1.30 மணி ரெண்டு தடவை வந்தது. கோடைக்காக ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவெச்ச கடிகாரத்தை, அன்னிக்கு 2 மணியானதும் திரும்ப 1 மணிக்குக் கொண்டுவந்தாங்க.

அன்னிக்கு 1.45 வரைக்கும்தான் ஃபீஸ் கட்டலாம்னு வைங்க. டேட்டாபேஸ்ல வெறும் '1.30'னு இருந்தா, கட்டினவர் தப்பிச்சாரா, ஃபைனா? யாராலயும் சொல்ல முடியாது.

நம்ம ஊர்ல கடிகாரத்தை மாத்துறதில்லை. அதனால காலேஜ் லேப்ல இந்தத் தப்பு கண்ணுலயே படாது. வெளிநாட்டு கஸ்டமர் வந்ததும் பல்லிளிக்கும்!

போஸ்ட்கிரெஸ்ல 'டைம்ஸ்டாம்ப்' மட்டும் போட்டா, கடிகாரம் காட்டுறதை அப்படியே எழுதிக்கும். 'வித் டைம் ஸோன்' சேர்த்தா, யூ.டி.சி. நேரமா சேமிக்கும். முதல் ஒண்ணரை 5.30, அடுத்தது 6.30. குழப்பமே இல்லை.

ஆனா பேரை நம்பி ஏமாறாதீங்க பாஸ். மைஎஸ்க்யூஎல்ல யூ.டி.சி.க்கு மாத்துறது 'டைம்ஸ்டாம்ப்', அப்படியே வெச்சுக்கிறது 'டேட்டைம்'. அதுவும் அந்த டைம்ஸ்டாம்ப் 2038 ஜனவரி 19 வரைக்கும்தான் தாங்கும்.

மணியை மட்டும் கேட்காதீங்க, எந்த ஊர் மணின்னும் கேளுங்க!