லோகோவுக்குத் தங்க விகிதம் தேவையா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, கோரல் டிராவோ இங்க்ஸ்கேப்போ போட்டு டிசைன் பழகுபவர்களிடம் யாராவது ஒருவர் "தங்க விகிதம்" பற்றிக் கட்டாயம் சொல்லி விடுகிறார். திருப்பூரில் கேட்கவே வேண்டாம். லோகோ, லேபிள், ஹேங்டேக், டி-ஷர்ட் பிரிண்ட் என்று டிசைன் வேலைக்குப் பஞ்சமில்லாத ஊர். லோகோ மேல் நாலைந்து வட்டங்களை வரைந்து காட்டி, "தங்க விகிதப்படி செய்தது" என்று கூடுதல் தொகை கேட்பவர்களும் உண்டு. அந்தத் தொகையைக் கொடுக்க வேண்டாம் என்பேன்.

முதலில் அது என்ன என்று பார்த்து விடுவோம். விண்டோஸ் கால்குலேட்டரில் 5 அழுத்தி, வர்க்கமூல பட்டனைத் தட்டுங்கள். 1 கூட்டி, 2 ஆல் வகுங்கள். 1.618 என்று தொடங்கும் எண் வரும். பிறகு 1/எக்ஸ் பட்டனை அழுத்தினால் 0.618. புள்ளிக்குப் பின்னால் எதுவுமே மாறவில்லை, கவனித்தீர்களா? இந்த விகிதத்தில் உள்ள செவ்வகத்திலிருந்து ஒரு சதுரத்தை வெட்டி எடுத்தால், மிச்சமும் அதே வடிவச் செவ்வகம்தான். கி.மு. 300 வாக்கிலேயே யூக்ளிட் இதை எழுதி விட்டார். 1, 1, 2, 3, 5, 8, 13, 21 என்ற பிபனாச்சி வரிசையிலும் அடுத்தடுத்த எண்களை வகுத்தால் இதை நெருங்கும். (பிபனாச்சி எழுதியது 1202-ல். குறில் நெடில் கணக்குப் போட்ட நம் ஹேமச்சந்திரர் அதற்கு முன்பே இந்த வரிசையைச் சொல்லி விட்டார்!) கணக்காக அருமை, மறுப்பே இல்லை.

டிசைனுக்கு வரும்போதுதான் கதை விடுகிறார்கள். கிரேக்கப் பார்த்தினான் கோவிலில் இருக்கிறது, அங்கே இருக்கிறது, இங்கே இருக்கிறது என்பார்கள். ஜார்ஜ் மார்கோவ்ஸ்கி 1992-ல் இந்தக் கதைகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, பெரும்பாலானவை நிற்காது என்று காட்டினார். உங்கள் மேஜையிலேயே அளந்து பாருங்கள். ஏ4 தாள் 297 X 210 மி.மீ., அதாவது 1.414. இரண்டாக மடித்தாலும் அதே வடிவம் வர வேண்டும் என்பதே அதன் காரணம். 1920 X 1080 மானிட்டர் 1.778. ஏடிஎம் கார்டு 1.586, கொஞ்சம் கிட்டே வருகிறது, அவ்வளவுதான்.

நம் ஊர் சரக்குக்கு இன்னொரு சிக்கல். பின்னலாடைத் துணி நீளத்திலும் அகலத்திலும் ஒரே அளவு சுருங்காது. 16.18 செ.மீ. உயரம், 10 செ.மீ. அகலத்தில் "தங்க" டிசைன் பிரிண்ட் செய்கிறீர்கள். துவைத்ததும் நீளவாக்கில் மட்டும் 5 சதவீதம் சுருங்கினால் உயரம் 15.37. விகிதம் 1.537! போட்டுக்கொள்பவருக்குத் தொப்பை இருந்தால் அதுவும் போச்சு. கழுத்து லேபிள் இன்னும் மோசம். அங்கே கம்பெனி பெயர் சில மி.மீ. உயரம்தான். நெய்யும் லேபிளில் நூலின் தடிமனை விட மெல்லிய கோடு வராது. ஸ்கிரீனில் அழகாக வளைந்த எழுத்து அங்கே பிசிறாகி விடும். பையர் பார்ப்பது பெயர் படிக்க முடிகிறதா என்பதைத்தான்.

முற்றிலும் ஒதுக்கச் சொல்லவில்லை. எழுத்து 10 பாயின்ட் என்றால் தலைப்பு 16 பாயின்ட் என்று ஆரம்பிக்க இது வசதி. பிறகு கண்ணால் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள். 100 சதவீத அளவில் பிரிண்ட் எடுத்து, கத்தரித்து, ஒரு டி-ஷர்ட் மேல் வைத்துத் தள்ளி நின்று பாருங்கள். பிரிண்ட் கொடுக்கும்போது பேப்பருக்குப் பொருத்தும் ஆப்ஷனில் டிக் இருந்தால் மறக்காமல் எடுத்து விடுங்கள். இல்லாவிட்டால் அளவு மாறி விடும்.