26 விழுக்காடு உரிமையாளர்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகத் திருநெல்வேலிக்குச் செல்லும் சாலை, ஆரல்வாய்மொழியைக் கடந்ததும் முப்பந்தலில் காற்றாலைகளின் நடுவே புகுகிறது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தபோது, இக்கணவாயின் காற்றும் உடன் செல்கிறது என்று இந்நகரில் எவரும் வருந்தியிருக்க மாட்டார்கள். இன்று அக்காற்றுக்கு விலை உண்டு. அதைப் பிடிக்கும் காற்றாலைக்கு உரிமையாளர் யார் என்ற கேள்விக்குத்தான் எளிய விடை இல்லை.

முன்பு அந்த விடை எளிதாக இருந்தது. 1990களில் நூற்பாலை ஒன்று தன் பெயரிலேயே காற்றாலையை வாங்கியது. வங்கி கடன் கொடுத்தது. முதலாண்டிலேயே முழுத் தேய்மானத்தையும் கழித்துக்கொள்ள வருமான வரிச் சட்டம் இடமளித்தது. அந்த 100 விழுக்காடு பின்னர் 80 ஆயிற்று. 2012இல் 15 ஆகச் சரிந்து, 2014இல் மீண்டும் 80 ஆகி, 2017இல் 40இல் நின்றது. வரிக்காகக் காற்றாலை வாங்குபவருக்கு அது எவ்வளவு சுழல்கிறது என்பதில் அக்கறை குறைவு. உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 50 காசு ஊக்கத்தொகை தரும் திட்டத்தை 2009 டிசம்பரில் மத்திய அரசு கொண்டுவந்தது இக்குறையைக் கருதியே.

இன்றைய சிக்கல் வேறு வகையானது. சொந்தப் பயன்பாட்டுக்கு மின்சாரம் உற்பத்தி செய்வோர் அதை மின்வாரியக் கம்பிகள் வழியே தம் ஆலைக்குக் கொண்டு செல்லும்போது குறுக்கு மானியக் கூடுதல் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை என்கிறது 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம். 'சொந்தம்' என்பதற்கு 2005ஆம் ஆண்டின் மின்சார விதிகள் எல்லை வகுத்தன. பயன்படுத்துவோர் குறைந்தது 26 விழுக்காடு உரிமை கொண்டிருக்க வேண்டும். ஆண்டு உற்பத்தியில் குறைந்தது 51 விழுக்காட்டை அவர்களே பயன்படுத்த வேண்டும். பலர் கூடியும் இவ்வுரிமையைப் பெறலாம். தொழில் வட்டாரத்தில் 'குரூப் கேப்டிவ்' என்று வழங்குவது இதுவே.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். 100 கோடி ரூபாய்த் திட்டம். 70 கோடி வங்கிக் கடன். எஞ்சிய 30 கோடியும் பங்கு மூலதனமானால், ஆலைகள் 7.8 கோடி இட வேண்டும். ஆனால் விதி கணக்கில் கொள்வது வாக்குரிமையுள்ள பங்குகளை மட்டுமே. ஆகவே பங்கு மூலதனத்தை 10 கோடியாகச் சுருக்கி, மீதி 20 கோடியை வெளி முதலீட்டாளரிடம் கடன் பத்திரங்களாகப் பெறுகிறார்கள். இப்போது ஆலைகள் 2.6 கோடி இட்டாலே போதும். சட்டத்தின் கண்ணில் அவை உரிமையாளர்கள். சட்டத்துக்கு உட்பட்டதுதான், எனினும் நூறில் இரண்டரைப் பங்கு பணமிட்டவரை உரிமையாளர் என்று அழைக்க நாக்குச் சற்றே தயங்குகிறது.

கணக்காளரும் தயங்குகிறார். ஒரு நிறுவனத்தில் 20 விழுக்காடோ அதற்கு மேலோ வாக்குரிமை இருந்தால், அங்கே கணிசமான செல்வாக்கு இருப்பதாக இந்தியக் கணக்கியல் தரநிலை 28 கொள்கிறது. மாறாக இருப்பின் அதைத் தெளிவாக நிறுவ வேண்டும். ஒரே ஆலை 26 விழுக்காட்டையும் வைத்திருந்தால், காற்றாலை நிறுவனத்தின் லாப நட்டத்தில் தன் பங்கைத் தன் கணக்கிலும் காட்ட நேரிடும். ஆனால் ஒப்பந்தத்தைப் பிரித்துப் படித்தால், முக மதிப்பில் வாங்கிய பங்கை ஒப்பந்தக் காலம் முடிந்ததும் முக மதிப்பிலேயே திருப்பித் தர வேண்டும், இடையில் ஈவுத்தொகை இல்லை என்று எழுதியிருப்பதுண்டு. லாபத்திலும் பங்கில்லை, நட்டத்திலும் பங்கில்லை என்றால், அது பங்கின் பெயரில் வைத்த வைப்புத்தொகைதானே? கணக்கியல் உள்ளடக்கத்தைப் பார்க்கிறது. மின்சார விதி பங்குப் பதிவேட்டைப் பார்க்கிறது. சிறு ஆலைகளின் கணக்கிலோ இவ்வளவும் 'முதலீடு' என்ற ஒற்றை வரியில் அடங்கிவிடுகிறது.

அந்த ஒற்றை வரிதான் எனக்குக் கவலை தருகிறது. ஓராண்டில் 26 அல்லது 51 என்ற எல்லை தவறினால், அவ்வாண்டின் மின்சாரம் முழுவதும் வெளியாரிடம் வாங்கியதாகவே கருதப்படும். கூடுதல் கட்டணம் நுகர்வோரான ஆலைகளின் தலையில் விழும். ஓர் ஆலை மூடிக்கிடந்து நுகர்வு குறைந்தால், மற்ற ஆலைகளும் சேர்ந்து பாதிக்கப்படலாம். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு பிடியை இறுக்கியது. ஆண்டிறுதியில் பங்குகளை மாற்றிக் கணக்கைச் சரிசெய்தால் போதாது. உரிமை ஆண்டு முழுவதும் நிலைக்க வேண்டும். தனி நிறுவனம் அமைத்து நடத்தும் திட்டத்திலும் நுகர்வு அவரவர் பங்குக்கு ஏற்ற விகிதத்தில், வகுத்த வரம்புக்குள் இருக்க வேண்டும். இரண்டே கோடி முதலீட்டின் பின்னால் அதைவிடப் பெரிய பொறுப்பு ஒளிந்திருக்கக்கூடும். நிதிநிலை அறிக்கையின் குறிப்புகளில் அதற்கு ஒரு பத்தியாவது ஒதுக்க வேண்டும்.

ஆலை நடத்தாத வாசகருக்கும் இதில் பங்குண்டு. பரஸ்பர நிதி வழியாக எரிசக்தி நிறுவனப் பங்குகள் அவரிடமும் இருக்கலாம். காற்றாலைத் திட்டம் ஒன்றில் ஒரு நிறுவனம் 51 விழுக்காடு கொண்டு கட்டுப்பாட்டையும் வைத்திருந்தால், திட்டத்தின் முழு வருவாயும் முழுக் கடனும் அதன் ஒருங்கிணைந்த அறிக்கையில் ஏறும். பிறருக்குரிய 49 விழுக்காடு லாபம் இறுதியில் தனியே பிரிக்கப்படும். அதே நிறுவனம் 49 விழுக்காடு மட்டும் கொண்டு கட்டுப்பாட்டைக் கைவிட்டால், திட்டத்தின் கடனில் ஒரு ரூபாய்கூட அதன் ஐந்தொகையில் தென்படாது. அதே காற்று, அதே இறக்கைகள், அதே வங்கி. எனினும் மெகாவாட் கணக்கைப் பெருமையுடன் அறிவிக்கும்போது மட்டும் எல்லாத் திட்டங்களும் முழுதாகவே எண்ணப்படுவதைக் காண்கிறோம்.

வெளி முதலீட்டாளர் பங்காக இட்ட பணத்தையும் நுணுகிப் பார்க்க வேண்டும். குறித்த ஆண்டில், குறித்த வருவாயுடன் அதைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக நிறுவனம் வாக்களித்திருந்தால், பெயர் பங்காக இருந்தாலும் கணக்கியல் தரநிலை 32 அதைக் கடன் என்றே வகைப்படுத்துகிறது. வெளியேறும் உரிமை பற்றிய அந்த ஒரு விதி, ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் இருக்கும்.

ஒவ்வொரு திட்டத்துக்கும் மொத்த மெகாவாட், அதில் நிறுவனத்தின் உண்மைப் பங்கு, திட்டத்தின் மொத்தக் கடன், முதலீட்டாளருக்கு அளித்த வாக்குறுதிகள் ஆகிய நான்கையும் ஒரே அட்டவணையில் தர நிறுவனங்களுக்கு அதிகச் செலவாகாது. கடன் கொடுக்கும் வங்கி இவற்றைக் கேட்டு வாங்குகிறது. பங்கு வாங்குபவருக்கும், 26 விழுக்காட்டில் ஒரு சிறு துண்டுக்குக் கையொப்பமிட அழைக்கப்படும் ஆலைக்காரருக்கும் அதே தாளைத் தருவதில் என்ன தடை?