படச்சட்டத்தில் யாருக்கு எந்த இடம்?

நெடுநாள் படுக்கையில் இருப்பவருக்குக் குடும்பத்தார் தம் கையாலேயே செய்து தரும் பரிசுகளில் ஒன்று, பல புகைப்படங்களை ஒரே சட்டத்திற்குள் சேர்த்து அமைக்கும் குடும்பப் படம். நாம் இதனை வரவேற்கிறோம். ஆனால் அவருக்குத் தெரியாமல் செய்து முடித்து, திடீரென்று கொண்டுவந்து காட்டுவதில் நமக்கு உடன்பாடில்லை. படம் பெறுபவரும் சேர்ந்தே அதனைச் செய்ய வேண்டும்.

இதற்குக் காரணம் நம் வீட்டுச் சுவர்களிலேயே இருக்கிறது. சட்டமிட்ட தனிப்படமும் அதன்மேல் மாலையும் கீழே சிறு விளக்கும் இருந்தால், படத்திலிருப்பவர் மறைந்துவிட்டார் என்பதை நமக்கு எவரும் சொல்ல வேண்டியதில்லை. படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்று அஞ்சிய பெரியவர்களும் நம்மிடையே இருந்தனர். தம் முகம் பெரிதாக நடுவில் இருக்கக் காணும் நோயாளர், "எனக்கு இப்போதே சட்டம் போட்டுவிட்டீர்களா?" என்று கேட்கக்கூடும். அதில் பாதிதான் வேடிக்கை. மறைந்தோர் படங்களைச் சேர்ப்பதா, சேர்த்தால் எங்கே வைப்பது என்பதையும் அவரே சொல்லட்டும்.

தனித்தனிப் படங்களை ஒன்றுசேர்ப்பது நமக்குப் புதிதன்று. பழைய ஸ்டுடியோக்காரர்கள் படங்களை வெட்டி ஒட்டி, மறுபடியும் படமெடுத்து, ஒருநாளும் அருகருகே நின்றிராதவர்களை ஒரே படத்தில் நிறுத்தினர். தமிழகத்து ஸ்டுடியோப் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தேடித் திரட்டி, மின்பதிவாக்கிப் பாதுகாத்து வருகிறது. பரணில் கிடக்கும் நம் பழைய படங்களும் அத்தகைய செல்வமே.

எந்தப் படத்தைத் தேர்வது என்பதில்தான் சுவையான கருத்து வேறுபாடுகள் எழும். பிள்ளைகள் மணிவிழாப் படத்தை எடுத்துவைப்பர். தந்தையோ, எண்ணூர் அசோக் லேலண்டில் தம்மோடு ஒரே ஷிப்டில் உழைத்தவர்கள் வரிசையாக நிற்கும் மங்கிய படத்தைக் கேட்பார். காசிமேட்டுத் தாய்க்குத் தம் திருமணப் படத்தினும் குடும்பத்தின் முதல் விசைப்படகு பெரிதாகத் தோன்றலாம். ஏன் அந்தப் படம் என்று கேளுங்கள். வீட்டில் எவரும் அறியாத செய்தி வெளிவரும். முதியோர் தம் கடந்த காலத்தைத் திரும்பிப் பார்ப்பதை மூப்பின் தளர்ச்சியென ஒதுக்கலாகாது, அது மனத்தின் இயல்பான பணி என்று அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963-இல் எழுதினார். எனினும் ஒரு படத்தைக் கண்டதும் அவர் முகம் திருப்பினால், காரணம் கேட்காமல் அதனை எடுத்துவிடுங்கள்.

முப்பது சிறு முகங்களை நெருக்கி ஒட்டுவதில் பயனில்லை. பார்வை மங்கியவருக்கும் நினைவுக் குழப்பம் உள்ளவருக்கும் ஆறு படங்களே மிகுதி. முகங்கள் பெரிதாகவும் கீழே பெயர்கள் தடித்த எழுத்திலும் இருக்கட்டும்.

மூலப்படத்தை ஒருபோதும் வெட்டாதீர்கள். படியெடுத்து அதனையே பயன்படுத்துங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலமும் எண்ணூர்ப் பகுதி வீடுகளுக்குள் புகுந்ததை நாம் மறக்கவில்லை. அத்தகைய வெள்ளத்தில் நனைந்த ஆல்பத்தை மீட்பது அரிது. உங்கள் வீட்டில் இல்லாத படம் சித்தப்பா வீட்டிலோ ஊரிலுள்ள அத்தை வீட்டிலோ இருக்கலாம். செல்பேசியில் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

நம் கடலோரக் காற்றின் ஈரத்தில், கண்ணாடியோடு ஒட்டிக்கிடக்கும் படம் நாளடைவில் அதிலேயே பிடித்துக்கொள்ளும். இடையில் தடித்த அட்டை விளிம்பு வைத்தால் படம் தப்பும். ஈரப்பசையும் வேண்டாம், முக்கோணக் காகித மூலைகளில் செருகினாலே போதும். வார்டுக்குக் கொண்டுவருவதாயின் கண்ணாடிக்கு மாற்றாக அக்ரிலிக் தகடு பொருத்துங்கள். அது விழுந்தாலும் எளிதில் நொறுங்காது, துடைக்கவும் எளிது. தீவிர சிகிச்சைப் பிரிவில் வைப்பதற்கு முன் செவிலியரைக் கேளுங்கள்.

சட்டம் போடுபவரிடம் பின்பலகையை ஆணியடித்து மூட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். திருப்பித் திறக்கும் கொக்கி இருந்தால், அடுத்த வாரம் அவர் வேறு படம் கேட்கும்போது மாற்றிவைக்கலாம்.